தலை எந்தப் பக்கம்

செத்துக் கிடக்கிற எதுவும் தன்னைத் தானே கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளாது. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

மற்றபடி அது வழக்கமான காலைதான். பனி இன்னும் விலகவில்லை. வேனின் பின்பக்கம் சுண்ணாம்புத் தூள் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவளுக்கு டீசல் புகையும் பினாயில் வாடையும் ஈரப் புல்லின் மணமும் ஒன்றாகக் கலந்து வந்தன. புருஷன் பிரேக் போட்ட விதத்திலேயே ரோட்டில் ஏதோ கிடக்கிறது என்று தெரிந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால், பழைய தார்ப்பாயில் சுற்றி, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய ஒரு மூட்டை. நல்ல வளர்ந்த கன்றுக்குட்டி அளவு இருக்கும். சரியாக ஒட்டின்மேல் கிடந்தது.

ஒட்டு என்றால் இரண்டு மாகாணங்களின் தாரும் சேருகிற இடம். நெடுஞ்சாலை என்று அந்தச் சாலைக்குப் பெயர்தான் பெரிசு. நாலு மாகாணங்களைக் கடந்து போகும், ஆனால் சொல்லிக்கொள்கிற மாதிரி ஓர் ஊரைக்கூடத் தொடாது. ஒரு சின்ன ஊர், அப்புறம் பொட்டல், அப்புறம் கரும்புக் கொல்லை, மறுபடி ஒரு சின்ன ஊர். ஆறுவழிச் சாலை வேறு பக்கமாகப் போன பிறகு பெரிய லாரிக்காரர்கள் இதை மறந்தே போனார்கள். எல்லைப் பலகையைக்கூட எவனோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். எல்லையைத் தார்தான் காட்டிக்கொடுக்கும். இந்தப் பக்கம் கறுப்பு, அந்தப் பக்கம் வெளிறிப்போன சாம்பல். வண்டி அதைத் தாண்டும்போது டொக்கென்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

அந்தச் சாலையில் அடிபட்டுச் சாகிற நாய், ஆடு, மாடுகளை அள்ளிப் புதைப்பது அவளுக்கும் அவள் புருஷனுக்கும் வேலை. ஒட்டுக்கு இந்தப் பக்கம் கிடந்தால் இவர்கள் அள்ள வேண்டும், அந்தப் பக்கம் கிடந்தால் அந்த மாகாணத்து ஆட்கள். ஒட்டின்மேலேயே கிடந்தால்? அதற்கும் ஒரு கணக்கு இருந்தது, எந்த ஆபீசிலும் எழுதி வைக்காத கணக்கு. தலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து ஆள் அள்ள வேண்டும். அதனால் முதலில் வருகிறவர்கள் கொம்பையோ காதையோ பிடித்துத் தலையை எதிர்ப் பக்கம் திருப்பிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி டீ குடிக்கப் போய்விடுவார்கள். இந்த விஷயத்தில் இரண்டு பக்கமுமே சளைத்தவர்கள் இல்லை.

ஆனால் இந்த மூட்டைக்குத் தலை எது, கால் எது என்று யார் கண்டது?

"அவிழ்த்துப் பார்க்கலாமா?" என்றாள்.

"எதுக்கு?"

"மாட்டை எவனாவது பார்சல் கட்டிப் போடுவானா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றான் அவன். "மாடா இருந்தா குழி வெட்டினோமா முடிஞ்சுதான்னு போயிடலாம். வேற ஏதாவதா இருந்தா, பார்த்தவன் நீதானேன்னு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய விடுவாங்க. காண்ட்ராக்ட் போகும். காண்ட்ராக்ட் போனா குவார்ட்டர்ஸ் போகும். பாப்பாவைத் தூக்கிக்கிட்டு எங்க போய் நிக்கறது?"

பாப்பா பேச்சை எடுத்தால் இவள் வாயடைத்துப் போவாள் என்று அவனுக்குத் தெரியும். ஒரே பெண். ஆறு வயசு. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் குவார்ட்டர்ஸ் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, அம்மா வருகிறவரை தனியாகவே இருக்கும். மற்ற வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளையை நினைக்கிறபோதெல்லாம் இவளுக்கு ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கும்.

அவன் மண்வெட்டிக் காம்பால் மூட்டையை அங்கே இங்கே அழுத்திப் பார்த்தான். "இதுதான் தலை" என்றான். அத்தனை சீக்கிரம் எப்படிக் கண்டுபிடித்தான் என்று அவளுக்குத் தோன்றியது, கேட்கவில்லை. இரண்டு பேருமாகக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். நாற்றம் இல்லை. ஒரு ஈ கூட இல்லை. முதலில் கல் மாதிரிக் கனத்தது. பாதி திருப்பியபோது கனம் குறைந்தது, மூட்டையும் தன் பங்குக்குக் கொஞ்சம் நகர்ந்துகொடுத்த மாதிரி.

"அசைஞ்சுதுங்க."

"இழுத்தா அசையாதா? ஏறு வண்டியில" என்றான் அவன்.

மறுநாள் அது இந்தப் பக்கம் கிடந்தது. ஒட்டின்மேல்கூட இல்லை, நன்றாகவே இந்தப் பக்கம், சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாக.

அவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. அந்தப் பக்கத்து ஆட்களின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினான். நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள், இளிச்சவாயன் என்று நினைத்துவிட்டார்கள் என்று பொருமினான். அவளும் அப்படித்தான் நினைத்தாள். போன மழைக்காலத்தில் இவர்கள் ஒரு எருமையை அந்தப் பக்கம் தள்ளிவிட்டது அவர்களுக்கு மறந்திருக்காது. மூட்டையை வேனில் ஏற்றி, எல்லை தாண்டி வெகுதூரம் போய், அந்தப் பக்கத்து ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு வந்தார்கள். ஏற்றும்போது அவளுக்கு ஒன்று நெருடியது. நேற்றைக்குக் கயிறு இத்தனை மிச்சம் இல்லை. இன்றைக்கு முடிச்சுக்கு வெளியே ஒரு முழம் தொங்கியது.

அது அதற்கடுத்த நாளும் வந்தது. இந்த முறை பயணிகள் நிழற்குடைக்கு எதிரே. கயிறு இன்னும் நீளமாகத் தொங்கியது. ஆனால் கட்டு தளரவில்லை. யாரோ உட்கார்ந்து நிதானமாக இறுக்கி இறுக்கிக் கட்டிய மாதிரி இருந்தது.  வேனை எல்லைக்கு அப்பால் இருந்த கைவிட்ட கல்குவாரிக்கு ஓட்டினான். தேங்கிய பச்சைத் தண்ணீரில் இரண்டு பேருமாகத் தூக்கிப் போட்டார்கள். மூழ்குகிறவரை நின்று பார்த்தார்கள். குமிழி ஒன்றுகூட வரவில்லை.

இவ்வளவு சுலபமாகத் தூக்க முடிந்ததே என்று திரும்பி வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் நாள் இழுக்கவே கல்லாகக் கனத்த மூட்டை.

அன்று சாயங்காலம் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் வேனின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். பம்பரில் நசுங்கல் இருக்கிறதா, விளக்குக் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று விரலாலேயே தேடினாள். கட்டின புருஷனைப் போய் இப்படிச் சந்தேகப்படுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தலை எது என்று அவன் கை நேராகப் போய் நின்றதே, பிரித்துப் பார்க்கலாம் என்றால் ஏன் முகம் மாறுகிறது, மூட்டை கண்ணில் பட்டதற்கு முந்தின நாள் எங்கே போய்விட்டு அத்தனை நேரம் கழித்து வந்தான்? பம்பரில் சேறு மட்டும்தான் இருந்தது. கை கழுவிக்கொண்டு திரும்பினால், அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தேடறே?"

"ஒண்ணுமில்ல. சேறு."

"நான் யாரையும் இடிக்கல" என்றான் அவன். அவள் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு வந்த பதில் அவளைத் தூங்க விடவில்லை.

விடிந்து கிளம்பினால், குவார்ட்டர்ஸுக்குத் திரும்புகிற வளைவிலேயே கிடந்தது.

தார்ப்பாய் காய்ந்து, தூசி படிந்து, மடிப்பு மடிப்பாக. குவாரியின் பாசி ஒரு துளிகூட இல்லை. நாயைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான் இருந்தது இப்போது. மிச்சக் கயிறு சுருட்டி மேலே வைக்கப்பட்டிருந்தது. அவள் புருஷன் அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு கை நீட்டித் தன் பக்கத்துக் கதவைத் தாழிட்டான். பயந்தவன் கை அது, குற்றம் செய்தவன் கை இல்லை. அவன்மேல் இருந்த சந்தேகம் அந்த நிமிஷமே போய்விட்டது. போனது ஆறுதலாக இல்லை. அவன் இல்லை என்றால் வேறு யார்?

"இவ்வளவு தூரம் வந்து போட்டிருக்காங்கன்னா நம்ம வீடு எதுன்னு தெரிஞ்சுதான் போட்டிருக்காங்க" என்றாள்.

"அந்தப் பசங்களைக் கையும் களவுமாப் பிடிக்கறேன் பாரு."

"பிரிச்சுப் பார்த்துடலாங்க."

"வேண்டாம்." இந்த முறை அவன் குரல் கெஞ்சியது. "வேண்டாம், சொன்னாக் கேளு."

வளைவிலேயே ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். இரண்டு மூட்டை சுண்ணாம்பைக் கொட்டி, மேலே ஜல்லி பரப்பினார்கள். மறுநாள் பார்த்தபோது ஜல்லி பரப்பினபடியே இருந்தது. வளைவில் ஒன்றும் இல்லை. நிழற்குடையில் இல்லை, சிறுபாலத்தில் இல்லை, ஒட்டில் இல்லை. அவன் நாலு நாளைக்குப் பிறகு சிரித்தான். "விட்டுது தொல்லை" என்றான். ஒட்டுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளத்தை அடைக்கச் சொல்லி அவளை இறக்கிவிட்டு, கூடவே அவள் சைக்கிளையும் இறக்கி வைத்துவிட்டு, தார் எடுத்துவர டிப்போவுக்குப் போனான்.

அவளுக்குத்தான் நிம்மதி வரவில்லை. கண்ணுக்கு எதிரே கிடந்தவரை அது எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்தது.

மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கொல்லையில் கரும்புத் தோகைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் நின்று, காற்றே இல்லாமல் ஒரு புழுக்கம் இறங்கியது. ஒட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தொப்பிக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் துடைப்பத்தோடு வந்து நின்றார். அந்த மாகாணத்து ஆள். பல தடவை தூரத்தில் பார்த்திருக்கிறாள், பேசியதில்லை. இன்றைக்கு விடுவதில்லை என்று மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே போனாள்.

"ஏண்ணே, ஒரு மூட்டையை எத்தனை தடவைதான் எங்க பக்கம் தூக்கிப் போடுவீங்க?"

அவர் கோபப்படவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நாங்க ஒரே ஒரு தடவைதாம்மா திருப்பினோம். தலைன்னு நெனச்சதை உங்க பக்கம் திருப்பினோம். அப்புறம் நாங்க தொடவே இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"எங்களுக்கு அது அடுத்த மாகாணத்துலேருந்து வந்துது. அவங்களுக்கு அதுக்கும் அந்தப் பக்கத்துலேருந்து. இந்த ரோட்டு வழியாவே வருது. ஒவ்வொருத்தரா தள்ளித் தள்ளி விட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு." அவர் துடைப்பத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "இப்ப எவ்வளவு பெரிசு இருக்கு?"

"என்னது?"

"மூட்டைம்மா. மாடு அளவா, கன்னுக்குட்டி அளவா?"

"நேத்து நாயைவிடக் கொஞ்சம் பெரிசு. இன்னைக்கு எங்கயும் காணோம்."

அவர் ஒட்டைப் பார்த்தார். அதிலிருந்து ஓர் அடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"உனக்குப் பிள்ளைங்க இருக்காம்மா?"

"ஒரு பொண்ணு. ஏன்?"

"எவ்வளவு உயரம்?"

அவள் தன்னை அறியாமல் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினாள். வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது. நேற்று இரண்டு பேருமாகக் குழிக்குள் இறக்கிய மூட்டையின் நீளம் அவள் கண்முன்னால் வந்தது.

"வீட்டுல தனியாவா இருக்கு?" என்றார் அவர்.

"ஆமா, இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்ல. அண்ணே, உங்க வண்டியில என்னைக் கொண்டுபோய் விடுங்க."

"நான் அந்தப் பக்கம் வர மாட்டேன்மா." அவர் குரலில் இரக்கம் இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதி இருந்தது. தன்னைவிட்டுப் போயிற்றே என்கிற நிம்மதி. அதை அவளால் மன்னிக்க முடியவில்லை. திட்டக்கூட நேரம் இல்லாமல் சைக்கிளை எடுத்தாள்.

சிறுபாலம். நிழற்குடை. எதிரே ஒரு வண்டி இல்லை. முதல் தூறல் தாரில் விழுந்து சூட்டு வாடை கிளம்பியது. மிதிக்க மிதிக்கச் சாலை நீண்டுகொண்டே போனது. பாப்பா கதவைத் திறந்திருக்காது. யார் தட்டினாலும் திறக்காதே என்று தினமும் சொல்லிவிட்டுத்தானே வருகிறோம். அம்மா குரல் கேட்டால் மட்டும் திற என்றுதானே. அம்மா குரல் கேட்டால் மட்டும்.

வளைவு வந்தது. ஜல்லி கலையவில்லை. அவள் நிற்கவில்லை.

குவார்ட்டர்ஸ் கதவு திறந்திருந்தது.

வாசற்படியில் தார்ப்பாய். நாலாக மடித்து வைத்திருந்தது. அதன்மேல் கயிறு, முழுக் கயிறும், அழகாகச் சுருட்டியபடி.

"பாப்பா."

உள்ளே இருட்டு. ஜன்னல் சாத்தியிருந்தது. பழகிய வாடைதான், சோப்பும் மண்ணெண்ணெயும். கண் பழகுவதற்குள் மூச்சுச் சத்தம் கேட்டது. தூங்குகிற பிள்ளையின் மூச்சு. அவளுக்கு உயிர் வந்தது.

அப்புறம் இன்னொரு மூச்சு.

பாயில் பாப்பா தன் பச்சைப் போர்வையைத் தலையோடு கால் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. கொசுவுக்குப் பயந்து எப்போதும் அப்படித்தான் தூங்கும். பக்கத்தில், அம்மாவின் போர்வையைப் போர்த்திக்கொண்டு, இன்னொன்று படுத்திருந்தது. அதுவும் தலையோடு கால். அதே நீளம். அதே மாதிரி ஒருக்களித்து, அதே மாதிரி முழங்காலை மடக்கி.

அவள் பாய் ஓரமாகக் குனிந்தாள்.

"பாப்பா?"

"அம்மா, வந்துட்டியா?" என்றது பச்சைப் போர்வை.

"அம்மா, வந்துட்டியா?" என்றது மற்றது.

ஒரே குரல். தூக்கக் கலக்கத்தில் கொஞ்சம் கரகரத்த, அவள் பிள்ளையின் குரல். அவள் ஒரு போர்வையின் நுனியைத் தொட்டாள்.

"எடுக்காதம்மா. அது பார்த்துடும்."

"எடுக்காதம்மா. அது பார்த்துடும்."

இரண்டு போர்வையும் பயத்தில் நடுங்கின. யார் நடிப்பது? பச்சைப் போர்வை பாப்பாவுடையது. அதனாலேயே அதை நம்ப முடியவில்லை. திருட வந்தது நல்லதைத்தானே எடுக்கும். பாப்பா பயந்துபோய் அம்மா போர்வைக்குள் புகுந்திருக்கலாம். இல்லை, அப்படி இவள் நினைப்பாள் என்று தெரிந்து அது அங்கே படுத்திருக்கலாம். கால்களைத் தொட்டுப் பார்த்தாள். இதுவும் சூடு. அதுவும் சூடு.

பெற்ற கைக்குத் தெரியாதா? பச்சைப் போர்வைக்குள் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். அதே கனம். தினமும் தூக்குகிற கனம். சின்னக் கைகள் போர்வைக்குள்ளிருந்து நீண்டு கழுத்தைக் கட்டிக்கொண்டன. அவ்வளவுதான், அவள் யோசிக்கவில்லை. இறுக்கி அணைத்துக்கொண்டு, தார்ப்பாயை மிதித்துத் தாண்டி, மழையில் இறங்கி ஓடினாள். ரோட்டுக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

"அம்மா."

பின்னாலிருந்து.

திரும்பக்கூடாது என்று நினைத்தாள். திரும்பினாள்.

வாசலில் அது நின்றுகொண்டிருந்தது. அவளுடைய போர்வை தலையிலிருந்து வழிந்து தோளில் கிடந்தது. கலைந்த தலை. தூங்கி எழுந்ததால் கன்னத்தில் பாயின் வரி. அவள் பிள்ளைதான். உதடு பிதுங்கி, அழுகையை அடக்க முடியாமல், படியில் இறங்கப் பயந்துபோய் நின்றது.

"அம்மா, என்னை விட்டுட்டு எங்கம்மா போறே?"

அவள் ஓரடி வீட்டைப் பார்த்து எடுத்து வைத்தாள். கழுத்தைக் கட்டியிருந்த கைகள் இறுகின. தோளில் சாய்ந்திருந்த தலை, நனைந்த பச்சைப் போர்வைக்குள்ளேயே, மெல்ல நிமிர்ந்து அவள் முகத்துக்கு நேராக வந்தது.